உட்கார்ந்தே போகலாம்

வண்டி வந்து நின்றபோது அவன் ஏற்கெனவே உள்ளே இருந்தான்.

வாக்கிங் போகிறேன் என்று சொல்லி, விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியவன். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினான்.

சிங்கப்பெருமாள் கோயில் பிளாட்பாரத்தில் நின்றிருந்த அவளுக்கு, அது தன் கணவன்தான் என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

கூட்டத்தில் முட்டி மோதி ஏறினாள். அவன் எழுந்து அவளைத் தன் இடத்தில் உட்காரவைத்தான். அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். மேலே தொங்கிய பிடியைப் பற்றியபடி அவள் எதிரே நின்றான்.

“வாக்கிங்னு சொன்னீங்க?”

“போனேனே. ஸ்டேஷன் வரைக்கும்.”

எதிர்த்திசை வண்டியில் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறான். வண்டி புறப்படும் இடத்திலேயே இடம்பிடித்துத் திரும்பி வந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் தீரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. இங்கே இரண்டு அறை கிடைத்தது. ஒரு பால்கனி. மகள் கயலுக்கு மேஜை போட ஒரு மூலை.

எல்லாம் சரிதான். அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை மாம்பலத்திலேயே இருந்தது. பட்டுப் பிரிவு. நாளெல்லாம் நின்றே புடவை பிரித்துக் காட்ட வேண்டும். முன்பு வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவாள். அவனுக்கு வேலை எழும்பூரில், மாம்பலத்தையும் தாண்டி.

“கவலைப்படாத. ஒரே டிரெயின். உக்காந்துக்கிட்டே போயிடலாம்” என்று அவன் சொல்லித்தான் கூட்டிவந்தான்.

வந்த நாளிலிருந்து ஒருநாளும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

வண்டியில் நின்று, கடையில் நின்று, திரும்பும்போதும் நின்று. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை வைத்துக்கொள்வாள். அவனோடு பேச்சு இல்லை. அவன் அந்தக் கால்களைப் பார்ப்பான். பார்க்காதவன்போல் கயலின் புத்தகங்களுக்கு அட்டை போடுவான்.

முந்தின நாள்தான் வாயைத் திறந்தாள். “இந்த மாசத்தோட வேலைய விட்டு நின்னுக்கறேன்.”

அக்கா கல்யாணத்துக்கு அவள் கையால் புடவை எடுத்தவர்கள், தங்கை கல்யாணத்துக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

அவன் எழுந்து போய் அலாரத்தை முன்கூட்டி வைத்தான்.

மறுநாளும் ஜன்னலில் அவன் கை ஆடியது. அதற்கடுத்த நாளும். மழை கொட்டிய ஒரு காலையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுத்தான்.

மாதம் முடிந்தது. வேலையை விடும் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை தாம்பரம் தாண்டியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி குலுங்கியது. முழங்கால் மடங்கியது. திடுக்கிட்டு விழித்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மறுபடி கண்கள் செருகின.

கன்னம் ஒட்டிப்போயிருப்பது அன்றுதான் அவள் கண்ணில் பட்டது.

சாயங்காலம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். குடிவந்ததிலிருந்து அந்த வாசலில் அவள் நின்றதில்லை. இங்கே யாரோடும் பழகப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

சகாயமேரி என்று பெயர் எழுதியிருந்த கதவு. திறந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். காலையில் கயலை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட முடியுமா?

“இதக் கேக்கவா இவ்ளோ யோசிச்ச? உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ.”

மறுநாள் அவன் செருப்பு மாட்டும்போது அவளும் மாட்டினாள்.

“நீ எங்க கிளம்பிட்ட?”

“வாக்கிங்.”

எதிர்த்திசை வண்டி ஏறக்குறையக் காலியாக வந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில்.

பரனூர் தாண்டியதும் ஓர் ஏரி. தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அப்போதுதான் வெளுக்கத் தொடங்கிய வானம் அதற்குள் கிடந்தது. இப்படி ஒன்று இருப்பதை இவன் சொன்னதே இல்லையே என்று திரும்பினாள்.

அவன் தூங்கியிருந்தான்.

தினமும் இதைத் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறான்.

செங்கல்பட்டில் அதே வண்டி சென்னைக்குத் திரும்பியது. ஜனங்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். யாரோ பையைத் தூக்கிப் போட்டு இடம்பிடித்தார்கள். யாரோ அதற்குச் சண்டை போட்டார்கள். அந்தச் சத்தத்திலும் அவன் விழிக்கவில்லை. தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது.

அவள் அசையாமல் இருந்தாள்.

அவர்களுடைய ஸ்டேஷன் வந்து போனது. கூடுவாஞ்சேரி போனது. தாம்பரம் போனது. தோள் மரத்துப்போனது.

மாம்பலம் நெருங்கும்போது, தினமும் அதே பெட்டியில் வரும் பெண் ஒருத்தி அவள் கையைத் தொட்டாள்.

“அக்கா, மாம்பலம் வந்துருச்சு. இறங்கலையா?”

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

வண்டி நின்றது. மாம்பலத்துக் கூட்டம் இறங்கியது. வண்டி நகர்ந்தது.

கோடம்பாக்கத்தில் வெயில் ஜன்னல் வழியாக அவன் முகத்தில் விழுந்தது. அவள் உள்ளங்கையை உயர்த்தி அவன் கண்களுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

அவன் இறங்க வேண்டிய எழும்பூர் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.