வேன் கதவில் வெயில் படாத இடம்

பிரெபென் தன் நண்பன் ஹோல்கருக்கு எட்டாயிரத்து நானூறு குரோனர் தர வேண்டியிருந்தது. ஹோல்கர் இறந்தபின் அவன் மனைவி இங்கெர், அவன் பெயின்ட் வேலைக்கு ஓட்டிய நீல வேனைப் பிரெபெனிடம் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“பணமெல்லாம் வேணாம்ப்பா. கதவுல ஒட்டியிருக்கற அவர் பேரச் சுத்தமா எடுத்துக் குடு. நாளைக்கு வேன் கைமாறுது.”

பிரெபென் சூடான காற்றைப் பாய்ச்சி, எழுத்துகளை மெல்ல உரித்தான். எப்போதும் போல, அவை மூடியிருந்த இடம் மட்டும் வெயிலில் வெளுக்காமல், ஹோல்கர் என்ற பெயர் அடர்நீலமாகத் தங்கியிருந்தது. அதற்குக் கீழே, எதுவுமே ஒட்டாத இடத்தில், அதே அடர்நீலத்தில் பிரெபென் என்றும் இருந்தது.

“உன் பேர எப்ப ஒட்டுனாரு?”

“கூட்டு சேத்துக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஒட்டவே இல்ல.”

“சொந்த வீட்டுக் கதவுக்கே பெயின்ட் அடிக்காத மனுஷன்” என்றாள்.

பாலிஷ் போட்டுத் தேய்த்ததும் ஹோல்கர் பெயர் போய்விட்டது. பிரெபென் துணியை மடித்தான்.

“கீழ இருக்கறது இருந்துட்டுப் போகட்டுமே?”

“வாங்கறவரு ஒத்துக்கமாட்டாருப்பா.”

தன் பெயரை அவனே தேய்த்தான். அது போக நெடுநேரம் ஆயிற்று. கடைசி எழுத்தும் மறைந்தபின் இங்கெர் கதவைத் தடவிப் பார்த்தாள்.

“கடன் தீந்துச்சு” என்றாள்.