பிழைக்காத பொம்மை

"மறுபடியும் செத்துடுச்சு சார்!"

டீன் அறைக்குள் நுழைந்ததுமே அந்த மருத்துவ மாணவி அழுதுவிட்டாள். கூட வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும்மா செத்தது?" பதறினார் டீன்.

"பொம்மை சார்."

மூச்சு விடும், முனகும், நாடி துடிக்கும் பொம்மை. நோயாளியைத் தொடும் முன் மாணவர்கள் அதில்தான் பழக வேண்டும் என்று, பொறுப்பேற்ற கையோடு டீன் அடம்பிடித்து வாங்கியது.

"ஆக்சிஜன், ஊசி, ஷாக் எல்லாம் கரெக்டா குடுத்தோம். கை மரத்துப்போற வரைக்கும் நெஞ்சை அமுக்கினோம். கடைசில மானிட்டர்ல கோடு நேராயிடுச்சு சார்."

"போன பேட்ச்சுக்கும் இதே கேஸ், இதே கதி" என்றான் ஒருவன். "மேடம் வேணும்னே கொல்றாங்க. நாங்க அவங்களை எமன்னுதான்..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டீனுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று பயிற்சிக்கூடத்துக்கு நடந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கம்ப்யூட்டர் முன் பேராசிரியை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன். பல நாள் தாடி. கட்டிலில் கிடந்த பொம்மையை விட்டு அவன் கண் நகரவில்லை.

"மேடம், பசங்க நடுங்கிப் போயிருக்காங்க. பொம்மையை வாங்கினது சொல்லிக் குடுக்க. பயமுறுத்த இல்ல."

"எல்லாருக்கும் முழு மார்க் போட்டிருக்கேன் சார். அவங்க பண்ணதுல ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் ஏன் சாகுது? நீங்கதானே பட்டனைத் தட்டறீங்க?"

"இல்ல சார். இது நீங்க பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி, இங்கேயே நிஜமா நடந்த கேஸ். நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சுபோச்சு. போஸ்ட்மார்ட்டத்துல தெரிஞ்சதை அப்படியே ஏத்தினேன். மீதியை மெஷின்தான் கணக்குப் போடுது. வைத்தியத்துல பிழைக்கிற கேஸா இருந்தா பிழைச்சிருக்கும்."

"பிழைக்கவே பிழைக்காத கேஸை எதுக்கு மேடம் திரும்பத் திரும்ப..."

 இளைஞன் பேராசிரியை பக்கம் திரும்பினான். 

"நான் ஆபரேஷன் டாக்டரை இன்னும் சீக்கிரம் கூப்பிட்டிருந்தா மேடம்?"

"இன்னிக்கு வந்த பேட்ச்ல அந்தப் பொண்ணு எடுத்த எடுப்புலயே கூப்பிட்டாளே. பார்த்தேல்லப்பா? அப்பவும் முடியல. யார் நின்னிருந்தாலும் முடிஞ்சிருக்காது."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பேராசிரியை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

டீன் குரலைத் தாழ்த்தினார். "யார் மேடம் இவரு?"

"நம்ம எமர்ஜென்சியில இருந்த சின்ன டாக்டர். அந்தக் கேஸ் இவன் கையிலதான் போச்சு. தன்னாலதான்னு வேலைக்கே வரதில்ல. போன மாசம் உயிரை விடப் பார்த்தான். வாயால சொல்லிப் பார்த்தேன், நம்பல. கண்ணால பார்த்தாவது நம்பட்டும்னு..."

டீனின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதி இறங்கவில்லை.

"அதுக்காக இத்தனை பிள்ளைங்களை அழ வைக்கணுமா? செத்தது யாரோ ஒரு பேஷன்ட்..."

"யாரோ இல்ல சார்" என்றார் பேராசிரியை, கையை அவன் முதுகிலிருந்து எடுக்காமல். "என் பையன்."