போட்டிக்குக் கேட்டவர்

ஏலக்காரர் செய்த அநியாயங்களை நோட்டீஸ்காரர் வரிசை மாறாமல் சொல்வார்.

முதலாவது, கோடையில் நடந்தது. கால் போன தச்சரின் மரச்சாமான்களை ஏலம் விட்டபோது, கூட்டத்தில் யாருமே கேட்காத விலையை யாரோ கேட்டதாகச் சொல்லி ஏற்றிவிட்டார். இரண்டாவது, மழைக்காலத்தில். புருஷனை இழந்த ஒருத்தியின் இரண்டு ஆடுகள். அங்கேயும் அதே கண்ணுக்குத் தெரியாத ஆள். மூன்றாவது, அறுவடை முடிந்ததும். வீடு எரிந்துபோனவரின் வெங்காய மூட்டைகள். மறுபடியும் அதே ஆள்.

மூன்றையும் அவரிடம் வந்து சொன்னவர்கள் வியாபாரிகள்.

'இல்லாத ஆளை வைத்து ஏலமா? இது பகல் கொள்ளை!' என்று நோட்டீஸ் அடித்தார். ஏலக்கூடத்துக்குள் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்து, ஆறு வாரம் வாசலில் நின்று விநியோகித்தார். முப்பது வருடமாக இதே வேலைதான். வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் கிடையாது.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. புது விதி போட்டது. ஏலம் எடுத்தவர் பெயரோடு, போட்டிக்குக் கேட்டவர் பெயரையும் இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். போட்டிக்கு ஆளே இல்லையென்றால் முதலில் கேட்ட விலைதான் செல்லும்.

தன் வெற்றியைக் கண்ணால் பார்க்க, வாழ்க்கையில் முதல்முறையாக ஏலக்கூடத்துக்குள் நுழைந்தார் நோட்டீஸ்காரர்.

கூண்டுகளுக்குப் பக்கத்தில் முட்டைக்கார அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"யாரு தம்பி? முகம் சரியாத் தெரியல."

"நான்தாம்மா, நோட்டீஸ்."

"அதானே பார்த்தேன், மை வாசனை அடிச்சுது. கண்ணுல புரை தம்பி. ஆபரேஷனுக்கு ஒன்பதாயிரம் ஆகுமாம். நாற்பது கோழியையும் கொண்டாந்துட்டேன். வந்தா கண்ணு. வரலேன்னா இப்படியே தடவிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்."

ஏலம் தொடங்கியது.

"நாலாயிரம்," என்றார் முன்வரிசையில் இருந்த மீசை வியாபாரி. பக்கத்திலிருந்த மற்ற இரண்டு வியாபாரிகளும் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மீசையின் முறை. அடுத்த வாரம் அவர் ஓடு எண்ணுவார்.

"நாலாயிரம், ஒருதரம்..."

நோட்டீஸ்காரருக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் முப்பது வருடக் கூட்ட ஒழுங்கு. கை தூக்குவார், மேடையில் இருப்பவர் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். கடைசி வரிசையில் நின்றபடி கையைத் தூக்கினார்.

ஏலக்காரர் பார்த்தார். தலையசைத்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் கூவினார்:

"ஐயாயிரம்!"

யார் கேட்டது? நோட்டீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சுவர்.

"ஆறாயிரம்!" என்றார் மீசை.

இதைத் தட்டிக் கேட்டே ஆக வேண்டும். மறுபடியும் கையைத் தூக்கினார். மறுபடியும் தலையசைப்பு.

"ஏழாயிரம்!"

பக்கத்தில் நின்ற பாத்திரக்காரர் முழங்கையால் இடித்தார். "வீட்ல இடம் இருக்காண்ணே?"

"எதுக்கு இடம்?"

பாத்திரக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நோட்டீஸ்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முன்வரிசையில் ஒரு வியாபாரி மீசையின் காதைக் கடித்தார். "யாருன்னு திரும்பிப் பாரேன்யா."

"திரும்பினா பயந்துட்டேன்னு நினைப்பான். எட்டாயிரம்!"

நோட்டீஸ்காரர் மூன்றாவது முறையாகக் கையைத் தூக்கினார்.

"ஒன்பதாயிரம்!"

"பத்து! பத்தாயிரம்!" மீசைக்கு மூச்சு வாங்கியது.

நோட்டீஸ்காரர் மறுபடி கையைத் தூக்குவதற்குள், ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்து சுத்தியல் விழுந்தது.

மீசை துள்ளி எழுந்தார். "எவன்யா எனக்குப் போட்டி? பெயரை வாசி! இல்லாத ஆளுன்னா நாலாயிரம்தான். பத்துப் பைசா கூடத் தர மாட்டேன்!"

"வாசிச்சே ஆகணும்!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார் நோட்டீஸ்காரர். "சாட்சிகளைக் கூப்பிடுங்க!"

எடை போடுபவரும் வாசல் காவலாளியும் வந்து நின்றார்கள்.

"கண்டிப்பா வாசிக்கணுமாண்ணே?" என்றார் ஏலக்காரர்.

"விதின்னா விதி."

"அப்ப நீங்களே வாசிங்க. உங்க விதிதானே."

பதிவேடு கைக்கு வந்தது. நோட்டீஸ்காரர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

'போட்டிக்குக் கேட்டவர்' என்ற இடத்துக்கு எதிரே அவரைத்தான் எழுதியிருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில், 'மூன்று முறை கை தூக்கினார்.'

"நான் பேசறதுக்குத்தான்யா கையைத் தூக்கினேன்," என்றார் மெல்ல.

"தெரியும்ணே." ஏலக்காரர் இன்னும் மெல்லச் சொன்னார். "தச்சருக்குக் கேட்க ஆள் இல்ல. ஆட்டுக்கார அம்மாவுக்கும் இல்ல. வெங்காயக்காரருக்கும் இல்ல. அப்பல்லாம் நானே ஒரு ஆளை உண்டாக்கிட்டேன். இப்பத்தான் விதி போட்டுட்டீங்களே, நிஜ ஆள் வேணும்ல? நீங்க இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. அடிச்சுட்டு நாலாயிரம்னு எழுதிடறேன்."

"யாரு தம்பி கேட்டது?" கூண்டுப் பக்கமிருந்து முட்டைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

நோட்டீஸ்காரர் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாமல் ஆயிரம் பேரைக் கேட்க வைத்த தொண்டை. இப்போது அதிலிருந்து காற்றுதான் வந்தது.

"காதுல விழல! சாட்சிக்குக் கேட்கிற மாதிரி வாசிங்க!" என்று கத்தினார் மீசை.

நோட்டீஸ்காரர் சாட்சிகளைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"போட்டிக்குக் கேட்டவர்: நோட்டீஸ்காரர்!"