முதலிடத்துக்கு மாவுக்கட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதையில்லை இது. சம்பந்தப்பட்டவன் காதில் விழுந்தால் அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். அப்புறம் நாம் கதையை முடித்த மாதிரிதான்.

ஹோமா பே பக்கம் ஏரிக்கரை ஊர். ரோசபெல்லா அடோயோ வீட்டு வாசலில், ஆப் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு எலக்கானா ஓவிட்டி வந்து நின்றான். கையில் புத்தம் புது ரப்பர் பூட்ஸ். போன மாதம் எல்லாரையும் விட அதிகமாக நடந்து, அதிக வீடு பார்த்த சுகாதாரப் பணியாளருக்குப் பரிசு.

உள்ளே கட்டிலில் ரோசபெல்லா. பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு.

"எப்ப விழுந்தீங்க?"

"போன மாசம் ஆரம்பத்துல சார். படகுத்துறையில வழுக்கிடுச்சு."

ஓவிட்டி பூட்ஸை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

சுகாதாரப் பணியாளர்களின் போனில் ஓடுகிற அந்த ஆப்பைக் கட்டியவனே அவன்தான். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பார்க்கிற பெண்கள் கையில் ஆளுக்கொரு போன். பார்த்த வீட்டை அதில் பதிய வேண்டும். யார் நடக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று கிசுமு ஆபீசில் அவன் போட்ட திரை பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டிக் கொடுக்கும். சிவப்பு வந்தால் போனைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

'என் திரை பொய் சொல்லாது' என்று பெரிய அதிகாரிகள் முன்னால் மைக் பிடித்துப் பேசியவன் இப்போது மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மாசம் பூரா மலை மேல ஏறி இறங்கினது யாரு? உங்க ஆவியா?"

ரோசபெல்லாவின் முகம் சுண்டிப்போனது. "போனைப் பிடுங்கிடாதீங்க சார். இந்த வேலையிலதான் வீட்ல அடுப்பு எரியுது."

அந்த அடுப்படியில் ஒமேனா மீன் வறுத்துக்கொண்டிருந்த டோர்சிலா கரண்டியோடு வெளியே வந்தாள். ஊர்ப் பணியாளர்களுக்கெல்லாம் தலைவி.

"படுத்துக் கிடக்கிறவளை ஏன் தம்பி மிரட்டுறீங்க? என்னைக் கேளுங்க. ஏறினது நாங்கதான்."

"நாங்கன்னா?"

"நாங்க எல்லாரும். சீட்டுப் போட்டு மாசம் ஒருத்திக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கிறோம்ல? அந்த மாதிரி இவளுக்கு நடையைச் சேர்த்துக் கொடுத்தோம். அவங்கவங்க வீடுகளை முடிச்சிட்டு, முறை வச்சு, இவ போனைத் தூக்கிட்டு இவ வீடுகளுக்கும் போனோம். ஒரு பிள்ளை விட்டுப் போகலை. போய்க் கேட்டுப் பாருங்க."

"அதுக்காக முதலிடமா?"

டோர்சிலாவுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "அது கை மீறிப் போச்சு தம்பி. தன்னால குறைஞ்சதுன்னு பேர் வரக் கூடாதேன்னு ஒவ்வொருத்தியும் கூடுதலாப் பார்த்துட்டா. சீட்டுக்குக் கொடுக்கிறதுல எவ கஞ்சத்தனம் பண்ணுவா?"

"கால் உடைஞ்சதுன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே!"

"எந்த இடத்துல சொல்றது? ஏன் போகலைன்னு கேட்குது. ஆத்துல வெள்ளம்னு ஒரு பதில் இருக்கு. வீடு பூட்டியிருந்துச்சுன்னு இருக்கு. நாய் துரத்துச்சுன்னுகூட இருக்கு. கால் உடைஞ்சதுக்குத்தான் இல்லை. நாயையே அமுக்கிடலாமான்னு பார்த்தோம். எந்த நாய் மாசம் பூரா துரத்தும்?"

கேள்வியெல்லாம் சுருக்கமாக, திரைக்கு அடக்கமாக, அழகாக இருக்க வேண்டும் என்று வெட்டித் தள்ளியவன் ஓவிட்டிதான். நாயை ஞாபகம் வைத்திருந்த மூளைக்கு, நடக்கிறவளுக்கும் கால் உண்டு என்று தோன்றவில்லை பாருங்கள்!

ஆனாலும் ஆபீஸ் விறைப்பு அவ்வளவு சுலபமாக இறங்குமா?

"எல்லாம் சரிதான் அக்கா. ஆனா போகாதவங்களைப் போனதாக் காட்டுறது தப்பு. நான் மேலே எழுதித்தான் ஆகணும்." எழுதுவதற்குப் போனை எடுத்தும் விட்டான்.

ரோசபெல்லா விசும்பத் தொடங்கினாள்.

"எழுதுங்க," என்றாள் டோர்சிலா. "எழுதும்போது உங்க பேரையும் சேர்த்து எழுதுங்க."

"என் பேரையா? நான் என்ன பண்ணேன்?"

"மாசா மாசம் எங்க போன் இன்னொண்ணும் கேட்குமே, 'ஆப் அதிகாரி நேர்ல வந்து குறை கேட்டாரா'ன்னு?"

ஓவிட்டியுடைய பெரிய அதிகாரி வற்புறுத்திச் சேர்க்கச் சொன்ன கேள்வி அது. ஊருக்கு வராத அதிகாரிக்கு வேலை கிடையாது. அவன் இந்த ஊர் மண்ணை மிதிப்பதோ இன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனால் மாதம் தவறாமல் அவன் பேருக்கு நேரேயும் பச்சை விழுந்துகொண்டிருந்தது. ஏதோ கோளாறு, நல்ல கோளாறாக இருக்கிறது, அதை நோண்டுவானேன் என்று அவனும் சும்மா இருந்துவிட்டான்.

"அது... நீங்களா அக்கா?"

"பின்னே? முகம் தெரியாட்டி என்ன, பிள்ளைகுட்டிக்காரரா இருப்பார், பாவம், வேலை போயிடக் கூடாதேன்னு உங்களையும் சீட்டுல சேர்த்துக்கிட்டோம்."

எழுத எடுத்த போன் தானாக ஓவிட்டியின் சட்டைப்பைக்குள் இறங்கியது. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டோர்சிலா கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். தன் போனைத் திறந்தாள். அந்தக் கேள்வியைத் தேடிப் பிடித்தாள்.

"அப்பாடா, இந்த மாசமாவது பொய் சொல்லாமப் போடலாம்!" என்று சொல்லி, 'ஆமாம்' என்பதை அழுத்தினாள்.