வெள்ளைக்கு அடியில்

பாலிஷ் மெஷினின் பஞ்சு திடீரென்று சிவந்தது.

ஹாத்திம் மெஷினை நிறுத்தினார். கையில் எங்கோ வெட்டிக்கொண்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் ஒன்றும் இல்லை. சிவப்பு, காரிலிருந்து வந்திருந்தது.

அது வெள்ளைக் கார். சம்பந்தியாகப் போகிற அபூ விசாமின் பழைய கிரவுன். ஹாத்திமின் மகள் ரனீனை நாளைக்கு அதில்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு.

காருக்கு மெருகேற்றுவது ஹாத்திமுக்குத் தொழில் அல்ல, பைத்தியம். வெள்ளிக்கிழமை ஆனால் அவர் வீட்டு முற்றத்தில் யாருடைய காராவது நிற்கும். பெற்ற மகள் போகிற காரை இன்னொருவன் கையில் விடுவாரா? கழுவினால் போதும், மெருகெல்லாம் எதற்கு என்று அபூ விசாம் ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தார். கடைசியில் மாப்பிள்ளை விசாம்தான் அப்பாவிடம் சொல்லாமல் காலையில் கொண்டுவந்து விட்டுப் போனான்.

சிவந்தது பின்கதவின் விளிம்பு. விளிம்பில் பெயிண்ட் மெலிசாகத்தான் இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் உரிந்துவிடும். உரிந்தால் சாம்பல் பூச்சோ தகரமோ தெரிய வேண்டும். இங்கே இன்னொரு நிறம் தெரிந்தது. மாதுளை நிறம்.

கம்பெனியிலிருந்து இறங்கிய அதே வெள்ளை, நான் வாங்கிய நாளிலிருந்து இதன்மேல் ஒருத்தன் பிரஷ் வைத்ததில்லை என்று அபூ விசாம் நிச்சயதார்த்தத்தன்று பெருமையடித்திருந்தார்.

பாக்தாத்தில் ஒரு காலத்தில் மாதுளை நிறக் கிரவுன்கள் எத்தனையோ ஓடின. ஹாத்திமின் அண்ணன் ஃபாரிஸிடமும் ஒன்று இருந்தது. வெளியே போனவர்கள் வீடு திரும்பாத அந்தக் கெட்ட வருடங்களில் ஒரு காலை, கேஸ் சிலிண்டர் வாங்கி வருகிறேன் என்று அதில் கிளம்பினார். அவரும் திரும்பவில்லை, காரும் திரும்பவில்லை. பிணவறை பிணவறையாக ஏறி இறங்கினார்கள். அண்ணி இப்திசாம் துக்கத்துக்கான கறுப்பு உடுத்த மறுத்துவிட்டார். உடலைக் காட்டுங்கள், உடுத்துகிறேன் என்றார். காட்டுவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை.

அந்த அண்ணி இப்போது சமையலறையில் மருதாணிச் சடங்குக்காகப் பேரீச்சம்பழ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மாவு மணம் முற்றம் வரை வந்தது.

ஹாத்திம் கரகரப்பான பேஸ்ட்டை எடுத்தார். மகளின் கல்யாணக் காரை, வேண்டுமென்றே, அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.

கைப்பிடிக்குக் கீழே ஒரு பொன்நிறக் கோடு எட்டிப் பார்த்தது.

கையால் இழுத்த கோடு. ஃபாரிஸின் காருக்கு அப்படியொரு கோட்டை, பின்விளக்கிலிருந்து முன்விளக்கு வரை, ஹாத்திம்தான் இழுத்துக் கொடுத்தார். பின்கதவின் நடுவே வந்தபோது அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டார். கை ஆடி, கோடு புழுவைப்போல் நெளிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி இழுக்கிறேன் என்றார் ஹாத்திம். இருக்கட்டும்டா, ஆயிரம் காருக்கு நடுவிலும் என்னுடையதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் அண்ணன்.

இன்னும் கொஞ்சம் தேய்த்தார். நெளிவு வந்தது.

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். மெஷின் அவர் மடியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமோ. பிறகு எழுந்து, கோட்டைப் பிடித்துக்கொண்டே முன்கதவுக்குப் போனார். அங்கே கோடு பாதியில் அறுந்தது. அறுந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். சட்டைப் பொத்தான் அளவு. பக்கத்தில் இன்னொன்று. கீழே இன்னும் இரண்டு. பட்டி வைத்து அடைத்து, மேலே வெள்ளை அடித்த ஓட்டைகள்.

ஓட்டுபவரின் விலாவுக்கு நேராக.

"பாபா, இன்னும் முடியலையா? கல்யாணம் எனக்கா, காருக்கா?" மாடி ஜன்னலிலிருந்து ரனீன் கேட்டாள். தோழிகள் சிரித்தார்கள். அங்கிருந்து பார்த்தால் காரின் கூரை மட்டும்தான் தெரியும்.

முடிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

கொட்டகையில் வெள்ளை ஸ்பிரே டப்பா ஒன்று இருந்தது. இரண்டு பூச்சு போதும். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். பூ அலங்காரம் மீதியை மறைத்துவிடும். போய் எடுத்தும் வந்துவிட்டார். குலுக்கினார். டப்பாவுக்குள் குண்டு உருண்டு உருண்டு சத்தம் போட்டது. அவர் கை அப்படியே நின்றது.

வாசலில் டாக்சி வந்து நின்றது. யாரைக் கேட்டு அவன் காரைத் தொட்டான் என்று மகனைத் திட்டியபடியே உள்ளே நுழைந்த அபூ விசாம், கதவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஹாத்திம் காத்திருந்தார். என் காரை என்ன செய்து வைத்திருக்கிறீர் என்று அவர் கத்துவார் என்று. எவனோ என் தலையில் கட்டிவிட்டான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்வார் என்று. அப்படியொரு சத்தியம் வந்தால், மகளுக்காக, அதை நம்பிவிடக்கூட ஹாத்திம் தயாராக இருந்தார்.

அபூ விசாம் தெருவைப் பார்த்தார். பக்கத்து மாடிகளைப் பார்த்தார். இரும்புக் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார். நெருங்கி வந்து, மெல்லக் கேட்டார்.

"இத வேற யாரு பாத்தா?"

ஹாத்திம் டப்பாவைத் தரையில் வைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பினார். சமையலறைக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"அண்ணி, அடுப்ப அணைச்சிட்டுக் கொஞ்சம் வெளிய வாங்க."