சுவர் அதிரும் பெட்டி

பிரேசர் டவுனில் ஜெரோம் குடியிருக்கும் மாடியறையில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, சத்தம் மைக்கில் விழுமென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். அவன் முதுகில் வியர்வை கோடாக இறங்குகிறது. பக்கத்தில் பேஸ் கிட்டாருக்கான புது ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஜம்மென்று நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, சிவப்பு விளக்கு மட்டும் பேட்டரியில் எரிகிறது. அசல் சரக்கு வர இரண்டு மாதமாகும், யூடியூப் விளம்பரம் இன்றே வேண்டும். அவன் கிட்டாரின் வயர் பெட்டிக்குப் பின்னால் வளைந்து லேப்டாப்பில் முடிகிறது. அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயர் மூலையில் போர்வைக்குள் கிடக்கிறது. ஒரு வருஷத்துக்கு அது எந்த மேடையிலும் தலைகாட்டக் கூடாதென்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. “இன்னொரு டேக், ஜெரோம். சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க,” என்கிறாள் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் ரக்ஷிதா. பதினாலாவது முறையாக அவன் சிரிக்கிறான். “ஒரு நோட் போதும், சுவரே அதிரும்,” என்று சொல்லித் தடித்த கம்பியை இழுத்து விடுகிறான். லேப்டாப்பின் ஹெட்போனை மாட்டிய ரக்ஷிதாவின் தலை ஆடுகிறது. அறையிலோ வெறும் கம்பி, ஈ மாதிரி முனகி அடங்குகிறது. பழக்கதோஷத்தில் அவன் காது தரைக்குப் போகிறது. ஒன்பது வருஷமாக, அவன் வாசித்தாலே கீழ்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி துடைப்பக்கட்டையால் சீலிங்கை இடிப்பாள். இப்போது கீழேயிருந்து குக்கர் விசில் மட்டும் வருகிறது. சிரிப்பை மாற்றாமல், அந்த இடிக்காக அவன் காத்து நிற்கிறான்.