ஏலம் நிழலில் வளரும்

"ஏலம் நிழலில் வளரும். ஈரம் வேண்டும்." ஸ்மார்ட் போர்டில் இருந்ததை விஜயகுமார் கணீரென்று வாசித்தான்.

குரங்கணிப் பள்ளியின் நாலாம் வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து அவனுக்கு மார்க் போட வந்திருந்த சாந்தகுமாரி மேடம், கடைசி பெஞ்சில் செல்போனுக்குள் குனிந்திருந்தார். தன் தப்புகளைத்தான் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார் என்று அவன் நினைத்தான்.

போன முறை எடுத்த வகுப்பு ஊத்திக்கொண்டது. இதுவும் போனால் பயிற்சியில் ஒரு வருடம் வீண். ராசிங்காபுரத்தில் அப்பா அவன் தலையில் தக்காளிக் கூடையை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பாடத்தை அவன் தயாரித்தான் என்று சொன்னால் பாவம்.

போடியில் பஸ் ஏறியதும் செல்போனில் ஏஐயிடம் கேட்டான்: 'ஏலம் பற்றி நாலாம் வகுப்புக்குப் படத்தோடு ஒரு பாடம்.' பஸ் கிளம்புவதற்குள் வந்துவிட்டது. முதல் பக்கத்தைப் பார்த்தான். பச்சைப் பசேலென்று செடி. போதும் என்று தூங்கிவிட்டான்.

இப்போது இரண்டாம் பக்கத்தைத் தட்டினான். படத்தைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் வாசித்தான்.

"மூன்று முறை சுத்தியலால் தட்டினால் ஏலம் முடிந்துவிடும்."

கொல்லென்று சிரிப்பு.

படத்தில் கோட்டு போட்ட ஆள் ஒருவர் ஏலச்செடிகளுக்கு நடுவே சுத்தியலை ஓங்கிக்கொண்டு நின்றார். செடி ஏலத்தையும் சந்தை ஏலத்தையும் அந்த அதிபுத்திசாலி ஒரே குழியில் நட்டிருந்தது.

"சார், சுத்தியல்ல அடிச்சா காய் நசுங்கிப் போயிரும்ல?" என்றாள் முன்வரிசைத் தமிழினி.

மேடம் தலையை நிமிர்த்தினார்.

மாட்டிக்கொண்டால் மட்டும் மூளை ஓடும் பிறவி விஜயகுமார். "தப்பைக் கண்டுபிடிக்கிறீங்களான்னு பாக்கத்தான் வேணும்னே போட்டுக் கொண்டாந்தேன். இன்னும் இருக்கு. வெரசா சொல்லுங்க பாப்போம்."

வகுப்பு பிய்த்து உதறிவிட்டது. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஏலத்தோட்ட வேலைதான். ஆளாளுக்கு ஓடிவந்து போர்டில் விரலை வைத்துத் திருத்தினார்கள். மணி அடித்தும் யாருக்கும் எழுந்து போக மனமில்லை. அவனுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வராந்தாவில் மேடம் தட்டிக்கொடுக்காத குறை.

"நல்லா எடுத்த தம்பி. வகுப்பு நடக்கும்போதே உன்னைப் பத்தி எழுதி முடிச்சிட்டேன். வாசிக்கிறேன், கேளு" என்று செல்போனை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"பயிற்சி மாணவர் விஜயகுமார் வகுப்பறையில் ஏலத்தைச் சிறப்பாக நடத்தினார். மாணவர்கள் அனைவரும் நல்ல விலைக்குப் போனார்கள்."

வாசித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

மேடம் அவனைப் பார்த்தார். அவன் மலையைப் பார்த்தான்.

மார்க்கை மட்டும் மேடம் தன் கையாலேயே போட்டார். முழு மார்க்.